முகத்துக்கு முன்னே மணம்: வீட்டுப் பூனையோடு புதிய பூனையைப் பழக்குதல்

ஒரு பூனை ஏற்கெனவே வாழ்ந்துவரும் வீட்டுக்கு இரண்டாவது பூனையைக் கொண்டுவருவோரில் பலர், இரண்டையும் முதல் நாளே கூடத்தில் ஒன்றாக விட்டுவிட்டு, நான்கு நாள் சீறிக்கொண்டபின் அவை தாமாகவே பழகிவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். இந்த நம்பிக்கை பூனையின் இயல்போடு பொருந்துவதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்திலிருந்து ஒரு பூனையைத் தத்தெடுத்து, முன்பே பூனை இருந்த தம் வீட்டுக்குக் கொண்டுசென்றவர்களிடம் விசாரித்து 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதல் அறிமுகத்திலேயே பிறாண்டலோ கடியோ நிகழ்ந்ததாக ஏறத்தாழப் பாதிப் பேர் அதில் தெரிவித்திருந்தனர். முதல் சந்திப்பு பகையாக முடிந்த வீடுகளில் பின்னாளிலும் சண்டை தொடரும் போக்கு காணப்பட்டது என்பது அதைவிட முக்கியமான செய்தி. பூனைகளைப் பொறுத்தவரை முதல் சந்திப்பு எளிதில் அழிந்துபோவதில்லை என்பதால், அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போட்டு, அதற்கு முன்பே அவற்றை ஒன்றுக்கொன்று பழக்கமாக்கிவிடுவதே அறிவுடைமை.

இதற்கான காரணம் பூனையின் பிறப்பு வழியில் இருக்கிறது. இன்று உலகெங்கும் வீடுகளில் வாழும் பூனைகள் யாவும், வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. அந்தக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடும் விலங்கு; எலி, சிறுபறவை, ஓணான் போன்ற அதன் இரைகள் ஒரு பூனையின் ஒரு வேளைப் பசிக்கே போதுமானவை என்பதால், கூடி வேட்டையாடிப் பகிர்ந்துண்ண வேண்டிய தேவை அதற்கு எழவில்லை. கூட்டமாக வாழ்ந்த ஓநாயின் வழிவந்த நாய், மோதலுக்குப்பின் பணிந்து, வாலாட்டி, சமாதானம் செய்துகொள்ளும் உடல்மொழியைப் பெற்றிருக்கிறது. பூனையிடம் அத்தகைய சமாதானச் சைகைகள் மிகக் குறைவு. மோதலைத் தீர்ப்பதைவிட மோதல் நேராமல் விலகிப்போவதே அதன் வழிமுறை. காட்டில் விலகிப்போக இடம் உண்டு. இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் அந்த இடம் இல்லை என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

ஆயினும் பூனை முற்றிலும் தனிமை விரும்பி என்று முடிவுகட்டிவிடுவதும் பிழையாகும். மீன் இறங்குதுறைகளிலும் சந்தைகளிலும் உணவு ஓரிடத்தில் தடையின்றிக் கிடைக்கும்போது பூனைகள் கூட்டமாக வாழ்வதைக் காணலாம். அக்கூட்டங்களின் உள்ளமைப்பு கவனிக்கத்தக்கது: தாயும் மகள்களும் சகோதரிகளுமாகப் பெரும்பாலும் உறவுடைய பெட்டைகளே அதன் நடுவில் இருக்கின்றன; அவை ஒன்றன் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதும், ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்வதும், கடந்துசெல்லும்போது உடலோடு உடல் உரசிக்கொள்வதும் உண்டு. அதே கூட்டம், வெளியிலிருந்து வரும் அந்நியப் பூனையைத் துரத்தியடிக்கிறது. அப்படித் துரத்தப்பட்டும் அகலாமல், எல்லையிலேயே பல நாள் தங்கித் தன் இருப்பைப் பழக்கமாக்கிக்கொள்ளும் பூனை மட்டுமே சில வேளை உள்ளே ஏற்கப்படுகிறது. வீட்டில் ஒருவர் செய்ய வேண்டியதெல்லாம் இந்த மெதுவான ஏற்பை, காயமின்றியும் அச்சமின்றியும் நடத்திவைப்பதே.

கூட்டத்தைச் சேர்ந்தது எது, அந்நியம் எது என்பதைப் பூனை பெரிதும் மோப்பத்தாலேயே அறிகிறது. கன்னம், முகவாய், நெற்றியோரம், வாலடி, பாதங்களின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் உள்ள சுரப்பிகள் ஃபெரமோன் எனப்படும் பொருள்களை, அதாவது ஓர் உயிரி வெளியிட்டு அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரியின் நடத்தையை மாற்றக்கூடிய வேதிப்பொருள்களை, வெளிவிடுகின்றன. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் மனிதரின் கணுக்காலிலும் பூனை கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சலுக்காக மட்டுமன்று. தான் அச்சமின்றி உலவும் இடம் இது என்ற அடையாளத்தை அது அங்கே பதித்துச் செல்கிறது. ஒன்றாக வாழும் பூனைகள் உரசியும் நக்கியும் தங்கள் மணங்களைக் கலந்து, அக்குடும்பத்துக்கென ஒரு பொதுமணத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. வாயைச் சற்றே திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, ஏதோ திகைத்ததுபோல் பூனை நிற்பதைப் பலர் பார்த்திருக்கலாம். மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு என்னும் தனி மோப்ப உறுப்புக்கு மணத்தைச் செலுத்தும் செயல் அது.

பல ஆண்டுகள் ஒரே மெத்தையில் உறங்கிய இரண்டு பூனைகளில் ஒன்று கால்நடை மருத்துவமனைக்குச் சென்று திரும்பியதும், மற்றொன்று அதைப் பார்த்துச் சீறுவதும் அடிப்பதும் இதனால்தான். உருவமும் குரலும் நடையும் பழையனவாகவே இருந்தும், மருந்தும் அந்நிய விலங்குகளும் கலந்த மணம் அதைப் புறத்தாராக்கிவிடுகிறது. பல்லாண்டுப் பழக்கமே மணம் மாறியதும் ஆட்டங்காணும்போது, ஒரு நாளும் பார்த்திராத பூனையை எடுத்த எடுப்பில் மடியில் வைத்து நீட்டிக் காட்டுவது எவ்வளவு பொருந்தாச் செயல் என்பது விளங்கும். வீட்டுப் பூனை அப்போது காட்டும் சினத்தைப் பொறாமை என்று மக்கள் வழக்கமாகக் கூறுகிறார்கள். தன் உணவும் உறக்கமும் உள்ள இடத்தின் பாதுகாப்புக் குலைந்தது என்ற அச்சமே அதன் உண்மையான பெயர்.

இரண்டாவது பூனை தேவைதானா என்ற கேள்வியை முதலிலேயே நேர்மையாக எழுப்பிக்கொள்ள வேண்டும். "பாவம், தனியாக இருக்கிறதே" என்ற இரக்கத்தால் துணை தேடுவோர் மிகுதி. குட்டிப்பருவத்தின் 2 முதல் 7 வாரங்கள் பூனையின் சமூகப் பழக்கம் உருவாகும் காலம். அக்காலத்தில் பிற பூனைகளோடு வளர்ந்தவை பின்னர் துணையை ஏற்பது எளிது. கண் திறந்ததும் தாயைப் பிரிந்து, மனிதர் கையிலேயே வளர்ந்து, ஐந்தாறு ஆண்டு தனியரசாக இருந்த பூனைக்குத் துணை என்பது பரிசாக அமையாமல் போகலாம். வயது முதிர்ந்து, மூட்டுவலியோ சிறுநீரக நோயோ கொண்ட பூனையிடம், ஓயாமல் பாய்ந்து விளையாடும் குட்டியைக் கொண்டுவந்து விடுவது அதற்குக் கொடுமை. தொடக்கத்திலேயே இரண்டு பூனைகள் வேண்டும் என்று எண்ணுவோர், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்தே எடுத்துக்கொண்டால் இக்கட்டுரையில் கூறப்படும் பாடுகளில் பெரும்பகுதி அவர்களுக்கு நேராது. எப்படியாயினும், இரு பூனைகளுக்கும் கருத்தடை அறுவை முடிந்திருப்பது இன்றியமையாதது. கடுவனுக்கு அறுவைக்குப் பின்னும் உடலில் உள்ள ஆண்மைச் சுரப்பின் விளைவு தணியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

புதிய பூனை வந்ததும் அதைத் தனியறையில் வைப்பதற்கு நடத்தை சார்ந்த காரணம் ஒன்று என்றால், நோய் சார்ந்த காரணம் மற்றொன்று. தெருவிலிருந்து மீட்கப்பட்ட குட்டி வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றினாலும், பூனைகளுக்கு வரும் பார்வோ வகை நோயான பேன்லூக்கோபீனியாவின் நச்சுயிரியைச் சுமந்துகொண்டிருக்கலாம்; வெள்ளையணுக்களைக் குறைத்து, வாந்தியும் பேதியுமாகக் குட்டிகளை விரைந்து கொல்லும் இந்நோயின் கிருமி தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். 1964-இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட பூனை ரத்தப்புற்று நச்சுயிரி எச்சில் வழியாகவும், நக்கிக்கொள்ளுதல், தட்டைப் பகிர்தல் போன்ற நட்பான செயல்களின் வழியாகவுமே பரவக்கூடியது; 1986-இல் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்ட பூனை எதிர்ப்பாற்றல் குறைவு நச்சுயிரி பெரும்பாலும் ஆழமான கடியால் பரவுகிறது. இவ்விரண்டும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. படர்தாமரையோ பூனையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். ஆகவே மருத்துவரிடம் காட்டி, ரத்தச் சோதனை செய்து, குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் தெள்ளுக்கும் மருந்திட்டு, வெறிநோய்த் தடுப்பூசி உள்ளிட்ட ஊசிகளைத் தொடங்கி, ஏறத்தாழ 2 வாரமேனும் தனித்து வைத்திருப்பது நன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் தரை துடைக்கப் பயன்படும் ஃபினாயில் வகைத் திரவங்களில் உள்ள பீனால் சேர்மங்கள் பூனைக்கு நஞ்சு. அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போதே அது உடலுக்குள் செல்கிறது. பூனை இருக்கும் அறையைச் சோப்பு நீரால் கழுவி, தேவைப்பட்டால் நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடைத்து, நன்றாக அலசி உலர்ந்தபின்னரே அதை உள்ளே விட வேண்டும்.

புதிய பூனைக்கு ஒதுக்கும் அறை, வீட்டுப் பூனை மிக விரும்பி உறங்கும் அறையாக இருக்கக்கூடாது. மணல் தட்டு, அதிலிருந்து விலகி உணவும் நீரும், நகத்தைக் கூர்தீட்டச் சாக்கோ தேங்காய்நாரோ சுற்றிய கட்டை, ஏறி அமர ஓர் உயரமான இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை அங்கே இருந்தால் போதும். ஒளிவிடத்தைப் பலர் தேவையற்றதாக எண்ணுகிறார்கள். ஒளிந்துகொள்ள முடிந்த பூனையே விரைவில் வெளியே வரத் துணிகிறது. இந்நாட்களில் வீட்டுப் பூனையின் உணவு நேரமோ, மாலை விளையாட்டோ, உறங்கும் இடமோ சிறிதும் மாறாமல் காப்பது வீட்டாரின் கடமை.

புதியது அச்சம் நீங்கி, உண்டு, உறங்கி, கன்னத்தைத் தேய்க்கத் தொடங்கியபின் மணப் பரிமாற்றத்தைத் தொடங்கலாம். ஒரு மென்மையான பருத்தித் துணியால் அதன் கன்னத்தையும் முகவாயையும் தடவி, அத்துணியை வீட்டுப் பூனை நடமாடும் இடத்தில், அதன் தட்டுக்குச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். மற்றொரு துணியால் வீட்டுப் பூனையின் மணத்தை எடுத்துப் புதியதன் அறையில் வைக்க வேண்டும். துணியை மூக்கருகே கொண்டுசென்று நீட்டுவது கூடாது, ஏனெனில் விலகிப்போகும் உரிமை அதற்கு வேண்டும். துணியைக் கண்டு சீறினால் அதனால் கேடொன்றும் இல்லை. காலம் இன்னும் கனியவில்லை என்பதே பொருள். முகர்ந்துவிட்டுப் பொருட்படுத்தாமல் கடந்துசென்றால் அதுவே நல்ல முன்னேற்றம், அதன்மேல் படுத்துக்கொண்டால் அதைவிடச் சிறப்பு. பின்னர் இரு துணிகளையும் மாறிமாறி இரு பூனைகளின் மேலும் தடவி, இரு மணங்களும் கலந்த ஒன்றைப் பழக்கமாக்கலாம். அடுத்த நிலையில், ஒன்று மற்றொன்றைக் காணாதவாறு இடம் மாற்றி, புதியதை வீட்டைச் சுற்றிப் பார்க்கவும், பழையதைப் புதியதன் அறையை முகர்ந்து அறியவும் விட வேண்டும். இந்தக் கட்டத்தில் செலவிடும் ஒவ்வொரு நாளும் பின்னால் நேரக்கூடிய பல வாரச் சண்டையை மிச்சப்படுத்துகிறது என்பதால், அவசரப்படுவோர் இங்கேயாவது நிதானிக்க வேண்டும்.

மூடிய கதவின் இருபுறமும், முதலில் தொலைவிலும் பின் நாள்தோறும் சிறிது நெருக்கமாகவும் இரு பூனைகளுக்கும் உணவு வைப்பது அடுத்த படி. அந்நிய மணம் வரும்போதெல்லாம் சுவையான ஒன்று கிடைக்கிறது என்ற தொடர்பு இதனால் பூனையின் உள்ளத்தில் பதிகிறது. உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராமல் வேகவைத்த கோழியோ, முள் நீக்கிய மீனோ இதற்குப் போதும். பசித்தால் கதவருகே வந்தே தீரும் என்று பட்டினி போடுவது மட்டும் ஆபத்தானது. பூனை, அதிலும் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே கேடாகலாம். தட்டருகே வர மறுத்தால் தட்டைப் பின்னுக்கு நகர்த்துவதே முறை.

பார்வை அறிமுகத்துக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் ஏற்கெனவே உள்ள கொசுவலைக் கதவு மிகவும் ஏற்றது. மணமும் ஒலியும் உருவமும் ஊடுருவும், நகம் மட்டும் எட்டாது. கம்பி வலையாக இருந்தால் பாயும் பூனையைத் தாங்கும். நைலான் வலையாயின் கிழிந்துவிடும் என்பதால் அருகில் ஆள் இருந்தாக வேண்டும். கிரில் கதவின் இடைவெளியில் பாதம் நுழையும், குட்டியாயின் உடலே நுழையும். வலையின் மேல் முதலில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, நாள்தோறும் அதைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் உணவோ விளையாட்டோ நடந்துகொண்டிருக்கும்போதே காட்சியை முடித்துவிட வேண்டும். இமைக்காமல் உற்றுப் பார்த்தல், காது பின்னோக்கிப் படிதல், வால் நுனி துடித்தல், அடித்தொண்டை உறுமல் ஆகியவை தோன்றினால் துணியைத் தாழ்த்திவிட்டு மறுநாள் இன்னும் தொலைவிலிருந்து தொடங்கலாம். ஒன்றையொன்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தன்னை நக்கத் தொடங்கினால், அந்தப் பாராமுகமே பூனைகளின் உலகில் நாகரிகம்.

தடையின்றி நேரில் விடும் நாளில் வீட்டில் விருந்தினரோ இரைச்சலோ இருக்கக்கூடாது. இருவர் இருந்து, ஆளுக்கொரு பூனையோடு இறகுக் குச்சியால் விளையாட்டுக் காட்டிக்கொண்டே, சில நிமிடங்களில் முடித்துப் பிரித்துவிடுவது சிறந்தது. எந்தப் பூனையையும் கையில் தூக்கிவைத்துக்கொண்டு அறிமுகம் செய்யக்கூடாது. தப்ப வழியற்ற பூனை தூக்கியவரையே கிழிக்கும். சீறலையும் உறுமலையும் தண்டிக்கவும் கூடாது. எட்டி நில் என்று சொல்லும் நாகரிகமான வழி சீறல். அதற்காக அடிபடும் பூனை அடுத்த முறை எச்சரிக்காமலே பாயக் கற்கிறது.

விளையாட்டையும் சண்டையையும் பிரித்தறிவது எளிதன்று. 2023-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, 105 இணைப் பூனைகளின் காணொளிகளை ஆராய்ந்து, விளையாட்டு, பகைமை என்ற இரண்டுக்கும் நடுவே இரண்டும் கலந்த ஓர் இடைநிலை உண்டு என்று காட்டியது. ஓசையின்றிக் கட்டிப்புரளுதல் விளையாட்டின் அடையாளம். குரலெழுப்புதலும் துரத்துதலும் பகைமையின் அடையாளம். நடுவில் அடிக்கடி நிறுத்தி நிறுத்தித் தொடரும் ஊடாட்டம் இடைநிலைக்கு உரியது, அதுவே கவனித்து நிறுத்த வேண்டிய தருணம். சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவில் விடாமல், தலையணையையோ பெரிய அட்டையையோ இடையில் நுழைத்துப் பார்வையை மறைத்துப் பிரிக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பூனைக்கடி மேலே சிறு துளையாகத் தெரிந்தாலும் கிருமியை ஆழத்தில் விதைக்கிறது, வெறிநோய் அச்சமும் உண்டு.

கூச்சலிடும் சண்டையைவிடக் கூச்சலற்ற அடக்குமுறையே வீட்டாரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஒரு பூனை நடைவழியின் நடுவே சும்மா படுத்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் மற்றொன்று மணல் தட்டுக்குச் செல்வதை அது மறித்துக்கொண்டிருக்கும். மறிக்கப்பட்டது கட்டிலடியிலேயே நாளைக் கழிக்கும், வீட்டார் இல்லாத நேரத்தில் உண்ணும், மெத்தையில் சிறுநீர் கழித்து வசை வாங்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன் போன்றோரின் பல்லாண்டு ஆய்வுகள், கிருமி ஏதுமின்றி மன அழுத்தத்தோடு தொடர்புற்று எழும் சிறுநீர்ப்பை அழற்சி ஒன்று பூனைகளுக்கு உண்டு என்பதை விளக்கின. உடன்வாழும் பூனையோடு உள்ள பிணக்கு அதற்கான காரணங்களுள் ஒன்று. கடுவனின் குறுகிய சிறுநீர்த்தாரை இதனால் அடைபட்டு, அது தட்டில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் தவிக்குமாயின், விடியட்டும் என்று காத்திராமல் அந்த வேளையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

இந்த அடக்குமுறைக்கு மாற்று பங்கீடு. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டுகள் வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் பொதுவிதி. மூன்றையும் ஒரே குளியலறையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே தட்டுதான். தட்டு, உணவு, நீர், படுக்கை ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாத வெவ்வேறு இடங்களில் இருந்தால், எதை மறித்தாலும் மற்றொரு வழி எஞ்சும். சிறிய வீட்டில் தரைப்பரப்பைக் கூட்ட இயலாது, உயரத்தைப் பயன்படுத்தலாம். பரண், அலமாரியின் மேற்பரப்பு, சுவரில் பொருத்திய பலகைகள் ஆகியவை ஏறவும் இறங்கவும் இரு வழிகள் கொண்டிருந்தால் அந்தச் சிறு வீடே பூனைக்கு விரிந்துவிடும்.

இம்முயற்சி முழுமைபெறச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம். சன்னலுக்கு வெளியே இரவில் கத்தும் தெருக்கடுவனைக் கண்டு வெகுண்ட வீட்டுப் பூனை, அதை எட்ட முடியாமல் அருகில் உள்ள பூனையின்மேல் பாய்வதுண்டு. வெடிச்சத்தமும் இவ்வாறு சினத்தைத் திசைதிருப்பும் என்பதால் தீபாவளியை ஒட்டிய நாட்களில் அறிமுகத்தைத் தொடங்காதிருப்பதே நல்லது. அப்படி ஒரு பாய்ச்சல் நேர்ந்துவிட்டால் இரண்டையும் பிரித்து, மணப் பரிமாற்றத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். முக ஃபெரமோனை ஒத்த செயற்கைப் பொருளை மின்கருவி வழியே அறையில் பரப்பும் மருந்துகள் சில வீடுகளில் துணைசெய்கின்றன. இடப் பங்கீட்டுக்கு அவை ஈடாக மாட்டா.

இத்தனைக்குப் பின்னும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு கட்டியணைத்து உறங்கும் பூனைகளை எல்லா வீடுகளிலும் எதிர்பார்க்க முடியாது. ஒரே கூடத்தில் தள்ளித் தள்ளிப் படுத்து, நேரம் மாற்றி ஒரே சன்னலைப் பயன்படுத்தி, சண்டையின்றி வாழ்ந்தால் அறிமுகம் வெற்றி பெற்றதாகவே கொள்ளலாம். அதுவும் வாய்க்காத வீடுகளில், நாளைப் பகுத்து இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்து வளர்ப்போர் உள்ளனர். ஒரு பூனை மாதக்கணக்கில் உண்ணவும் சிறுநீர் கழிக்கவும் அஞ்சி வாழுமாயின், மருத்துவரைக் கலந்து, புதியதற்கு வேறொரு நல்ல வீட்டைத் தேடித்தருவதே இரண்டுக்கும் செய்யும் நன்மை. அதைக் கைவிடுதல் என்று எண்ணித் தயங்குவோர், வீட்டை விட்டு எங்கும் போக இயலாத பூனையின் நிலையிலிருந்து அதைப் பார்க்க வேண்டும்.